உடனே போன பதில்

எங்கள் வீட்டுக்கு வரும் போன்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான். "தண்ணி விழுதா?" என்பார்கள். கேட்கிறவர் மதுரையில் இருப்பார், இல்லையென்றால் சென்னையில் இருப்பார். நாங்கள் இருப்பது மேலகரத்தில். பஸ் ஏறினால் நன்றாகச் சாய்ந்து உட்காருவதற்குள் குற்றாலம் வந்துவிடும். மாடியில் இரண்டு அறைகளைக் குளிக்க வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். முன்கூட்டிச் சொன்னால் சாப்பாடும் சமைத்துக் கொடுப்போம்.

நான் கல்யாணமாகி வந்தபோது அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது என் மாமியாரின் வேலையாக இருந்தது. அத்தை அதற்கு நேராகப் பதில் சொல்லி நான் கேட்டதில்லை. எந்த ஊர், யாரெல்லாம் வருகிறீர்கள், கைப்பிள்ளை உண்டா, முழங்கால் வலிக்காரர் யாராவது உண்டா என்று விசாரித்து முடித்த பிறகுதான் தண்ணீரைப் பற்றிய பேச்சே வரும். சிலரிடம், "இந்த வாரம் வராதிய, மழை ஒரு மாதிரியா இருக்கு" என்று சொல்லி வைத்துவிடுவார். அந்த ஆள் வேறு லாட்ஜுக்குப் போய்விடுவாரே என்று பக்கத்தில் நிற்கும் எனக்குப் பயமாக இருக்கும்.

என் கணவர் போலீஸ் பட்டாலியனில் இருக்கிறார். லீவு கிடைத்தால்தான் வீட்டுக்கு வருவார். நான் பி.காம். படித்தவள். மகள் பிறந்த பிறகு வேலைக்குப் போகவில்லை. படித்த படிப்பு இந்த வீட்டுக்காவது உதவ வேண்டாமா என்ற எண்ணம் உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. மகள் தூங்கும் நேரத்தில் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு, சிறு வியாபாரிகள் செலவில்லாமல் விளம்பரம் செய்வது எப்படி என்று சொல்லித் தரும் வீடியோக்களைப் பார்ப்பேன். அதில் பேசுகிற எல்லோரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள். வாடிக்கையாளரைக் காக்க வைக்கக் கூடாது. பதில் தாமதமானால் அவர் அடுத்த இடத்துக்குப் போய்விடுவார். என் பயத்தை யாரோ எடுத்துப் பேசியதுபோல இருந்தது.

வியாபாரத்துக்கென்று இருக்கும் வாட்ஸ்அப்பைப் போட்டேன். மேப்பில் எங்கள் வீட்டைச் சேர்த்தேன். அறைகளைப் படம் எடுத்தேன். படத்துக்காக மாடிக் கொடியில் கிடந்த துணிகளை அத்தையிடம் எடுக்கச் சொன்னபோது அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஈரத்துணி காயப்போட இடம் இருக்கான்னுதான் குளிக்க வாரவ முதல்ல பாப்பாவ. அதையா எடுக்கச் சொல்லுத?" என்றார். அவர் சொன்னது சரியா, வீடியோக்காரர்கள் சொன்னது சரியா என்று தெரியாமல் துணியோடு ஒரு படமும் துணியில்லாமல் ஒரு படமும் எடுத்து இரண்டையும் போட்டேன்.

பக்கத்துத் தெருவில் ஆட்டோ ஓட்டும் அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். காலையில் முதல் சவாரியை அருவியில் இறக்கிவிட்டதும் தண்ணீர் விழுவதை ஒரு வீடியோ எடுத்து எனக்கு அனுப்பிவிடுவார். அதை ஸ்டேட்டஸில் வைப்பேன். ஏற்கனவே வந்து தங்கியவர்கள் அதைப் பார்ப்பார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு, அவர்கள் முதல் செய்தி அனுப்பிய உடனே தானாகப் போகும்படி ஒரு வரவேற்புச் செய்தி எழுதி வைத்தேன்.

அதை எழுதியது ஆடி மாதத்தில், நல்ல சாரல் அடித்த ஒரு மத்தியானம். "வணக்கம். இன்று அருவியில் தண்ணீர் அருமையாக விழுகிறது. குழந்தைகளோடு குடும்பமாக வாருங்கள். அறை உண்டு." இதற்கே எவ்வளவு யோசித்தேன். அருமையாகவா, நன்றாகவா? குடும்பமாக என்று போட்டால் நண்பர்களாக வருகிறவர்கள் தயங்குவார்களோ? கணவரிடம் போனில் வாசித்துக் காட்டினேன். "ஏதாவது ஒண்ணப் போடு. பரேடுக்கு நேரமாச்சு" என்றார். 'இன்று' என்ற வார்த்தையைக் கடைசியாகத்தான் சேர்த்தேன். அது இல்லாமல் படித்தால் நோட்டீஸ் மாதிரி இருந்தது. சேர்த்ததும் யாரோ இப்போதுதான் அருவியைப் பார்த்துவிட்டு வந்து சொல்வதுபோல ஆகிவிட்டது. எனக்குத் திருப்தியாக இருந்தது.

பலனும் இருந்தது. அந்த சீசனில் மாடி அறைகள் காலியாகக் கிடக்கவே இல்லை. அத்தைக்குத்தான் பொழுது போகவில்லை. "இப்பம்லாம் ஒருத்தரும் பேச மாட்டுக்காவளே, நேரா வந்து நிக்காவ" என்று குறைப்பட்டுக்கொண்டார்.

ஐப்பசியில் மகளுக்குக் காய்ச்சல் வந்தது. இரவெல்லாம் அனத்தினாள். விடிந்ததும் தென்காசியில் குழந்தைகள் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனேன். காத்திருக்கும் இடத்தில் ஒரே கூட்டம். அங்கே உட்கார்ந்திருந்தபோது ஆட்டோ அண்ணாச்சியின் குரல் செய்தி வந்தது. "தாயி, இன்னைக்கு வீடியோ இல்ல. தண்ணி செவசெவன்னு கலங்கி வருது. மலை மேல நல்ல மேகக் கருக்கல். யாரையும் அருவிப் பக்கம் விடாத, பாத்துக்க." நானும் கேட்டேன். சரி, இன்றைக்கு ஸ்டேட்டஸ் வைக்க வேண்டாம் என்று மட்டும்தான் நினைத்தேன். அதற்குள் மகள் என் தோளிலேயே வாந்தி எடுத்தாள். போனைச் சத்தமில்லாமல் ஆக்கி பைக்குள் போட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்து, மருந்து கொடுத்து, அவள் கண் அயர்ந்த பிறகுதான் போனை எடுத்தேன். தெரியாத எண்ணிலிருந்து செய்திகள் வந்திருந்தன. முதல் செய்தி காலையில் வந்தது. "விருதுநகர்ல இருந்து கேக்குறோம் மேடம். இன்னைக்குக் கிளம்பலாமா? தண்ணி விழுதா? சின்னக் குழந்தை இருக்கு." அதற்குக் கீழே, அதே நிமிடத்தில், என் பதில் இருந்தது. இன்று அருவியில் தண்ணீர் அருமையாக விழுகிறது. குழந்தைகளோடு குடும்பமாக வாருங்கள். அதற்கும் கீழே, "உடனே சொன்னதுக்கு ரொம்ப நன்றி மேடம். கிளம்பிட்டோம்" என்று இருந்தது. கடைசிச் செய்தி நான் பார்ப்பதற்குக் கொஞ்ச நேரம் முன்னால் வந்தது. "பழைய குற்றாலம் வந்தாச்சு. குளிச்சிட்டு ரூமுக்கு வர்றோம்."

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மலை இருந்த இடமே தெரியவில்லை.

உடனே அந்த எண்ணுக்கு அடித்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாகச் சொன்னது. "தண்ணீருக்குள் இறங்காதீர்கள், வெள்ளம் வரலாம்" என்று எழுதி அனுப்பினேன். ஒற்றை டிக்கோடு நின்றது. எழுதியது கடுமையாக இருக்கிறதோ என்று அந்த நேரத்திலும் ஒரு தடவை படித்துப் பார்த்தேன். திரும்ப அடித்தேன். அத்தை அடுப்படியிலிருந்து வந்து விஷயத்தைக் கேட்டார். சொன்னேன்.

"போனை எவன் அருவிக்குள்ள கொண்டு போவான்? கார்ல வச்சுப் பூட்டிட்டுல்லா இறங்குவான்" என்றார்.

அந்தப் பதிலை நான் அனுப்பவில்லை, அது தானாகப் போனது என்று விளக்க ஆரம்பித்தேன். அத்தை பாதியிலேயே நிறுத்தினார். "நீ அனுப்பினியோ, அது அனுப்பிச்சோ. அந்தப் பிள்ளைக்கு என்ன வயசு?"

எனக்குத் தெரியாது. அந்த எண்ணின் படத்தில், கடற்கரையில் மஞ்சள் தொப்பி வைத்துக்கொண்டு ஒரு பெண் குழந்தை நின்றது. என் மகளைவிடக் கொஞ்சம் பெரியவளாக இருக்கலாம்.

ஆட்டோ அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். அவர் வாசலுக்கு வந்து நின்ற பிறகும் நான் ஆட்டோவில் ஏறவில்லை. மகள் காய்ச்சலோடு கிடக்கிறாள். முன்பின் தெரியாத பிள்ளையைத் தேடி, பெற்ற பிள்ளையை விட்டுவிட்டுப் போவதா? அண்ணாச்சியை மட்டும் அனுப்பினால் போதாதா? நான் போய் என்ன செய்யப் போகிறேன்? அத்தை உள்ளே போய் மகளைத் தூக்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். "இவ எங்கிட்ட இருப்பா. நீ போயிட்டு வா" என்றார்.

வழியில் மழை பிடித்துக்கொண்டது. எதிரே கார்கள் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றின் கண்ணாடியிலும் மஞ்சள் தொப்பியைத் தேடினேன். மழையில் யாராவது தொப்பியைப் போட்டு விடுவார்களா என்று அப்போது தோன்றவில்லை. "எல்லாரும் திரும்பி வாராவ பாரு. போலீஸ்காரவ கரை ஏத்தி விட்டிருப்பாவ" என்று அண்ணாச்சி தேற்றிக்கொண்டே வந்தார். அவர் வண்டியை விரட்டிய வேகத்தைப் பார்த்தால் அவரே அதை நம்பியதாகத் தெரியவில்லை.

பழைய குற்றாலத்தில் தடுப்பு வைத்து மறித்திருந்தார்கள். உள்ளே தண்ணீர் விழும் சத்தம் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போவதுபோலக் கேட்டது. ஈரத் துண்டோடு ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். தடுப்புக்குப் பக்கத்தில் நின்ற போலீஸ்காரரிடம் போனிலிருந்த படத்தைக் காட்டினேன்.

"எம்மா, இது கடற்கரைல எடுத்த படம். இங்கன நிக்கவன் எல்லாம் தலைய நனைச்சிட்டு ஒரே சாயல்ல நிக்கான். பிள்ளையோட அப்பா பேரு என்ன?"

பேர் தெரியாது என்றேன். அந்த எண்ணுக்கு எதிரே போனில் 'புது வாடிக்கையாளர்' என்ற அடையாளம்தான் இருந்தது. கார் நம்பர் கேட்டார். அதுவும் தெரியாது.

"உங்களுக்குச் சொந்தமா?"

"இல்ல. எங்க வீட்டுல தங்க வாராவ."

"வந்துட்டாவளா?"

"இன்னும் வரல."

அவர் அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்தார். அண்ணாச்சி தரையைப் பார்த்தார். "உள்ள ஒருத்தரும் கிடையாது. எல்லாரையும் ஏத்தியாச்சு. மழைல நனையாம வீட்டுக்குப் போங்க" என்றார் போலீஸ்காரர்.

"ஏத்துறதுக்கு முந்தி யாராவது..." என்று ஆரம்பித்தேன்.

"அப்படி ஒண்ணும் இல்லம்மா" என்றார். இந்தத் தடவை குரல் இறங்கியிருந்தது. அவருக்கு எப்படித் தெரியும், அவர் எப்போது இந்த இடத்துக்கு வந்தாரோ என்று என் மனம் உடனே கேட்டது. வண்டி நிறுத்தும் இடத்தில் மழையோடு நடந்து பார்த்தோம். பூட்டிய கார்கள் இன்னும் சில நின்றன. எது விருதுநகர்க் கார் என்று கண்டுபிடிக்க ஒரு வழியும் இல்லை. ஒவ்வொரு கார் பக்கமும் போய் நின்று விட்டு விட்டு வந்த சிக்னலில் மறுபடி அந்த எண்ணுக்கு அடித்தேன், உள்ளே எங்காவது மணி கேட்கிறதா என்று. எங்கும் கேட்கவில்லை.

அண்ணாச்சி என்னைக் கட்டாயப்படுத்தி ஆட்டோவில் ஏற்றினார். பாதி வழியில் சிக்னல் நன்றாக வந்ததும் போன் அடுத்தடுத்து அதிர்ந்தது. எல்லாம் அத்தையின் அழைப்புகள். மஞ்சள் தொப்பி என் நினைவிலிருந்து ஒரே நொடியில் போய்விட்டது. மகளுக்குக் காய்ச்சல் ஏறி ஜன்னி கண்டுவிட்டது என்றே முடிவு செய்துவிட்டேன். உடனே திரும்ப அத்தைக்கு அடித்தேன்.

"எங்கன இருக்க? விருதுநகர்க்காரவ வந்து உக்காந்திருக்காவ. வெந்நி கேக்காவ. சிலிண்டர் வேற தீரப் போவுது, சீக்கிரம் வா" என்றார் அத்தை.

போனதும் மகளைத் தொட்டுப் பார்த்தேன். உடம்பு வியர்த்திருந்தது. அதன் பிறகுதான் கூடத்தில் இருந்தவர்களைப் பார்த்தேன். ஒல்லியான ஒரு மனிதர், அவர் மனைவி, அந்தக் குழந்தை. தலை துவட்டப்பட்டு, எங்கள் வீட்டுப் போர்வைக்குள் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தது.

அவர் எழுந்து நின்று சிரித்தார். "நீங்க சொன்ன மாதிரியே மேடம். தண்ணி அருமை. கலங்கலா இருந்துச்சு, ஆனா செம ஃபோர்ஸ். போன்தான் சார்ஜ் இல்லாம அணைஞ்சு போச்சு."

அவர் மனைவி சிரிக்கவில்லை. இறங்கியதும் பிள்ளை அந்தச் சத்தத்துக்குப் பயந்து கத்திவிட்டாள், வீட்டுக்குப் போகலாம் என்று ஒரே அழுகை, அதனால்தான் அரைகுறையாகக் குளித்து மேலே ஏறினோம் என்றார். காருக்குப் போய்த் துணி மாற்றிக்கொண்டிருந்தபோதுதான் விசில் சத்தம் கேட்டதாம். மேலே நின்று திரும்பிப் பார்த்தால் இவர்கள் நின்ற படிக்கட்டு தண்ணீருக்குள் இருந்ததாம்.

நான் அவர்கள் இருவரிடமும் சொன்னேன். காலையில் போன பதில் நான் அப்போது எழுதியது அல்ல, தானாகப் போவது, நான் அதைப் பார்க்கவே இல்லை என்று. அந்த மனிதர், "இப்ப எல்லாமே அப்படித்தான் மேடம், அதனாலென்ன" என்று கையை வீசினார். மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சின்னக் குழந்தை இருக்குன்னு மெசேஜ் அடிச்சது நான்தான். அவர் வண்டிய எடுத்துட்டிருந்தார். கேட்ட உடனே பதில் வந்துச்சா, நம்மள மாதிரி ஒரு பொம்பளைதான் பார்த்துட்டுச் சொல்லுதுன்னு நினைச்சேன்" என்றார்.

 பிறகு அவரே எழுந்து வந்து, அத்தையின் தோளில் கிடந்த என் மகளின் நெற்றியைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தார். மறுபடி காய்ச்சல் வந்தால் ஈரத்துணி போடுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு மாடிக்குப் போனார்.

வெந்நீர் வைத்துவிட்டு வந்து முதல் வேலையாக அந்த வரவேற்புச் செய்தியை நீக்கினேன். அதன் இடத்தில் வேறு எதுவும் எழுதவில்லை. மறுநாளும் அருவிகளில் குளிக்க விடவில்லை. அவர்கள் ஈரத்துணிகளைக் கொடியில் காயவைத்து எடுத்துக்கொண்டு மத்தியானமே ஊருக்குத் திரும்பினார்கள்.

போன பிறகு அந்த மனிதர் மேப்பில் எங்கள் வீட்டுக்கு ஐந்து நட்சத்திரம் போட்டு எழுதியிருந்தார். "அருமையான குடும்பம். எந்த நேரம் கேட்டாலும் உடனே பதில் தருகிறார்கள். தண்ணீர் நிலவரத்தை நம்பிப் போகலாம்." அதை என்னால் எடுக்க முடியாது, எழுதியவர்தான் எடுக்க முடியும். அவரைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்லலாமா என்று பல தடவை நினைத்தேன். போனை அவர் மனைவி எடுத்துவிட்டால் என்ன பேசுவது என்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

இப்போது புதிதாகக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் அதைப் படித்துவிட்டுத்தான் வருகிறார்கள். நேற்றுகூட ஒருவர், "உடனே பதில் சொல்வீங்கன்னு போட்டிருந்துச்சு" என்றுதான் ஆரம்பித்திருந்தார். நான் மகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். கையைக் கழுவாமலே பதில் எழுதப் போனை எடுத்தேன்.