ரோசி தின்ற சோறு

புஷ்பமேரியின் பொறாமை பீர்மேட்டுத் தேயிலைத் தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகள் முழுக்கத் தெரிந்த சங்கதி. கொழுந்தெடுத்த காலத்தில், பக்கத்து வீட்டுச் செபமாலையம்மாளின் கொழுந்து எடை என்னவென்று பார்த்த பிறகுதான் தன் எடையைப் பார்ப்பாள். அவள் ஒரு கிலோ கூடப் போட்டுவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது. இருவரும் ஓய்வு பெற்ற பிறகு போட்டி போட ஒன்றும் மிஞ்சவில்லை, ரோசியைத் தவிர.

ரோசி புஷ்பமேரி வளர்த்த நாய். புருஷன் கண்ணை மூடி, மகனும் எர்ணாகுளத்துக்கு வேலைக்குப் போனபின் வீட்டில் அவளுக்கு மூச்சுத்துணை அதுதான். கிழடு தட்டிய ரோசி தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருந்தது, குடித்ததைக் கக்கியது, எலும்பும் தோலுமாகப் போனது. ஜீப் பிடித்து மிருகாசுபத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். கிட்னி இரண்டும் போய்விட்டது என்றார் டாக்டரம்மா. குணமாகாது, ஆனால் கவனித்துப் பார்த்தால் கொஞ்ச காலம் இருக்கும். உப்பு கூடாது, கருவாட்டைக் கண்ணில் காட்டக் கூடாது. தினமும் கழுத்துத் தோலைத் தூக்கி ஊசி குத்தி சலைன் ஏற்ற வேண்டும்.

போகப் போகப் பழகிக்கொண்டாள். இயேசுவின் திரு இருதயப் படம் மாட்டிய ஆணியிலேயே சலைன் பாட்டிலையும் தொங்கவிட்டாள். ஊசி இறங்கும்போது ரோசி முனகும். "எம் பொன்னுல்லா, செத்த பொறு தாயி" என்று கெஞ்சுவாள். முடிந்ததும் உப்பில்லாச் சோற்றைக் குழைத்து வைப்பாள். ரோசி முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

அதே ரோசி தள்ளாடித் தள்ளாடிச் செபமாலையம்மாள் வாசலுக்குப் போய் வாலாட்டியது. அவள் உருட்டிக் கொடுத்ததை லபக்கென்று விழுங்கியது. கதவிடுக்கில் புஷ்பமேரி அதைப் பார்த்தாள். இங்கே நான் குத்துக்கல்லு மாதிரி இருக்கேன், அவ கை இனிக்குதோ? பாய்ந்து போய் அந்தச் சோற்றைக் கிள்ளி வாயில் போட்டுப் பார்த்தாள். கரித்தது.

"ஏட்டி செபமாலை, உப்பா போட்ட? எம் பிள்ளையக் கொல்லப் பாக்கியா?"

"சும்மா உப்பாட்டி அது? சாமியார் மந்திரிச்ச உப்பு. படுத்த மாடே எந்திரிக்கி, நாய்க்கு ஆகாதா?"

லயத்தில் மாடு படுத்தாலும் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டாலும் மாதா கோயிலில் பாதிரியார் மந்திரித்த உப்புதான் முதல் மருந்து. புஷ்பமேரியும் கொடுத்தவள்தான். அதனால் உப்பைக்கூட மன்னித்திருப்பாள். ரோசி அதை ரசித்துத் தின்றதை மன்னிக்க முடியவில்லை. நாயை இழுத்துப்போய் உள்ளே கட்டிக் கதவைச் சாத்தினாள்.

அதற்கப்புறம் ரோசி எதையும் தொடவில்லை. எழுந்து நிற்கவும் முடியவில்லை. டாக்டரம்மாவுக்குப் போன் போட்டாள். இனி ஊசி வேண்டாம், வாய்க்கு எது பிடிக்கிறதோ அதைக் கொடுங்கள் என்றார்.

புஷ்பமேரி அழுதாள். அழுகைக்கு நடுவிலும் ஒரு நப்பாசை வந்தது. உப்புதானே அவ வித்தை? தன் வீட்டு மந்திரித்த உப்பை அள்ளிப் போட்டாள். கருவாட்டைச் சுட்டு உதிர்த்துப் பிசைந்து ஒரு உருண்டையை நீட்டினாள். அவள் கை கிட்ட வந்ததும் ரோசி கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு முனகியது.

இது ஊசி குத்துற கையாச்சே என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பக்கத்து வீட்டுக்காரியின் கை நோகாமல் நொங்கு தின்கிற கை. அவள் என்றைக்கு ஊசி பிடித்தாள்? ஆத்திரத்தில் உருண்டையைத் தட்டிலேயே போட்டாள்.

ரோசியின் கண் சாத்திய கதவையே பார்த்துக்கொண்டு கிடந்தது. கொஞ்ச நேரம் கழித்துப் புஷ்பமேரி நாயைத் துண்டில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு, தட்டோடு போய்ப் பக்கத்து வாசலில் நின்றாள்.

"ஊட்டுட்டி. எங்கையில திங்க மாட்டேங்கா."

செபமாலையம்மாள் ஒரு வாய் உருட்டிக் கொடுத்தாள். ரோசி வாங்கிக்கொண்டது. வால் லேசாக அசைந்தது. பாரம் தாங்குகிறாளே என்று செபமாலையம்மாள் தட்டை வாங்கக் கை நீட்டினாள். புஷ்பமேரி விடவில்லை.

"நீ ஊட்டு, போதும். தட்ட நாந்தான் பிடிப்பேன்."