டெல்மரின் விலைக்கொடி

டெல்மர் கூப்கா முதல் வரிசையில் நடக்க ஆரம்பித்தால்தான் எங்கள் ஊர்த் துப்பாக்கிச் சந்தை திறந்ததாகக் கணக்கு. வலது தோளில் துப்பாக்கி. குழல் கூரையைப் பார்த்தபடி இருக்கும். குழலுக்குள் ஒரு மெல்லிய மரக்குச்சி, குச்சியின் நுனியில் ஓர் அட்டைக் கொடி, கொடியில் விலை. மேசை வாடகைக்கு எடுக்காமல் ஒற்றைத் துப்பாக்கியை விற்க வருகிறவர்கள் எல்லாரும் இப்படித்தான் கொடியோடு சுற்றுவார்கள். அவர்களெல்லாம் விற்றதும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். டெல்மர் மட்டும் சாயங்காலம் கொட்டகையைப் பூட்டும் வரை நடப்பார்.

அந்த நடையில் ஒரு கள்ளத்தனம் உண்டு. எதிரே ஆள் வந்தால் தோளை லேசாகச் சாய்ப்பார். கொடி அந்த ஆளின் மூக்குக்கு நேரே வந்து நிற்கும். விலையைப் படித்தவர் ஒரு கணம் திகைத்து நிற்பார். நின்றால் தீர்ந்தது. "இவ்வளவு வெலைக்கு அப்படி என்னங்க இருக்கு இதுல?" என்று கேட்காமல் யாரால் நகர முடியும்? அந்த ஒரு கேள்விக்காகத்தான் மனிதர் விடிந்ததும் விடியாததுமாகச் சவரம் செய்துகொண்டு வருகிறார்.

ஊர்த் தீயணைப்புத் தொண்டர் படைக்காக நான் சாப்பாட்டு ஜன்னலில் நிற்கிறவள். பீன்ஸும் மாட்டிறைச்சியும் போட்ட சில்லி ஒரு கிண்ணம், கூடவே இலவங்கப்பட்டை போட்ட இனிப்பு ரொட்டிச் சுருள் ஒன்று. நெப்ராஸ்காவில் பிறந்தவர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. டெல்மர் ஒவ்வொரு சுற்றிலும் என் ஜன்னலைத் தாண்டித்தான் போயாக வேண்டும். யாராவது அவரை நிறுத்துவதும் பெரும்பாலும் இங்கேதான். அதனால் அவர் சொல்கிற கதை எனக்குத் தலைகீழ்ப் பாடம். துப்பாக்கியின் பின்பக்க மரக்கட்டையில் விரல் நுழைகிற அளவுக்கு ஒரு வெட்டு இருக்கிறதே, அது பனிக்காலத்தில் முள்கம்பி வேலியைத் தாண்டும்போது பட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் நின்றது ஒரு மான். நான் முதலில் கேட்டபோது அதன் கொம்பில் நான்கு கிளை. போன வசந்தகாலச் சந்தையில் ஏழாகிவிட்டது. இப்படியே போனால் அந்த மான் கொட்டகை வாசலில் நுழையாது.

துப்பாக்கியைக் குறை சொல்ல முடியாது. அடியிலிருக்கும் லிவரை இழுத்துத் தோட்டா ஏற்றுகிற பழைய மாடல். பக்கவாட்டில் பட்டாணி அளவுக்கு ஒரு சின்ன ஜன்னல். உள்ளே இன்னும் எத்தனை தோட்டா மிச்சம் என்று அதில் எண் தெரியும். அந்த ஜன்னலைக் காட்டும்போது டெல்மரின் முகத்தைப் பார்க்க வேண்டும். பேரப்பிள்ளையின் முதல் பல்லைக் காட்டுகிற மாதிரி காட்டுவார்.

இதே மனிதரை வெளியில் பார்த்தால் ஊமை என்றுதான் நினைப்பீர்கள். மண்சாலைகளைச் சமன் செய்கிற வண்டியில் ஆயுள் முழுக்கத் தனியாக உட்கார்ந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். பேசப் பழகவில்லை. தேவாலயத்தில் வாய் திறக்க மாட்டார், காப்பிக் கடையில் கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருப்பார். சொந்த மகள் கல்யாணத்தில் மைக்கைக் கையில் கொடுத்தார்கள். "சாப்பாடு ரெடி" என்று சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். தோளில் அந்தத் துப்பாக்கி இருந்தால் மட்டும் ஆளே வேறு. அது இல்லாவிட்டால் இவரிடம் யார் நின்று பேசப் போகிறார்கள்? அவருக்கும் அது தெரியும், எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

விலை விஷயத்துக்கு வருகிறேன். டெல்மர் எழுதி வைத்திருக்கிற விலைக்கு, ஓடுகிற நிலையில் ஒரு பழைய பிக்கப் வண்டி வாங்கலாம். காரணமில்லாமல் இல்லை. கொடியில் எழுதிய விலையை ஒருவர் பேரம் பேசாமல் ஒப்புக்கொண்டுவிட்டால் விற்கிறவர் மாட்டேன் என்று சொல்லக்கூடாது. எங்கள் சந்தையில் இதைப் பலகையில் எழுதி மாட்டவில்லை. மாட்டவேண்டிய அவசியமும் இல்லை. பின்வாங்கியவன் மறுபடி இந்தக் கொட்டகைக்குள் தலைகாட்ட முடியாது. ஆகவே யாரும் ஒப்புக்கொள்ளவே முடியாத விலையாகப் போட்டு வைத்திருந்தார்.

அப்படியானால் எதற்கு விற்க வர வேண்டும்? அங்கேதான் அவர் மனைவி ஆர்டிஸ் வருகிறாள். விருந்தாளி அறையின் அலமாரி அவளுக்கு வேண்டும். அவள் தைத்த போர்வைகளெல்லாம் கட்டிலுக்கு அடியில் கிடக்க, துப்பாக்கி அலமாரியில் சுகமாகச் சாய்ந்திருப்பதைப் பற்றி என்னிடமே எத்தனையோ தடவை புலம்பியிருக்கிறாள். டெல்மரும் நல்ல கணவராக ஒவ்வொரு சந்தைக்கும் அதைத் தூக்கிக்கொண்டு புறப்படுவார். சாயங்காலம் தொங்கிய முகத்தோடு திரும்புவார். "யாரும் கேக்கல ஆர்டிஸ். சந்தை ரொம்ப மந்தம்." பத்துப் பன்னிரண்டு வருஷமாக இந்த நாடகம் ஓடியது.

இந்த நவம்பரில் ஆர்டிஸும் கூட வந்துவிட்டாள்.

ஆர்டிஸைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வீட்டு வாசலில் பழைய சாமான்களைப் பரப்பி விற்பதில் இந்த வட்டாரத்தில் அவளை அடிக்க ஆளில்லை. ஒரு தடவை, பானைக்கு மூடி தேடி வந்தவன் தலையில் மூடியில்லாத இன்னொரு பானையைக் கட்டினாள். அவன் நன்றி சொல்லிவிட்டுப் போனான். நானே பக்கத்தில் நின்று பார்த்தேன்.

என் ஜன்னலுக்கு முன்னால்தான் அவள் முதல்முறையாகக் கொடியை நிமிர்த்திப் பிடித்துப் படித்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி படித்தாள்.

"டெல்மர், இது வெலையா, போன் நம்பரா?"

டெல்மர் பூட்ஸ் நுனியைப் பார்த்தார். ஆர்டிஸ் கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து அந்த எண்ணை ஒரே கோடாக அடித்தாள். அதற்குக் கீழே நியாயமான ஒரு விலையை, அதிலும் கொஞ்சம் குறைத்தே எழுதினாள். பிறகு அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "வா, விப்போம்" என்றாள். டெல்மர் போன வேகத்தைப் பார்த்தால் பல் பிடுங்கக் கூட்டிப்போகிறார்கள் என்று தோன்றும்.

எங்கள் ஊர் ஆண்களுக்கு ஜாடை புரிவது அபூர்வம். கல்யாணநாளைக்கூட யாராவது வாய்விட்டு ஞாபகப்படுத்த வேண்டும். ஆனால் அன்றைக்கு டெல்மரின் ஒரு பார்வை கொட்டகை முழுக்கப் போய்ச் சேர்ந்துவிட்டது. கத்தி விற்கிற வெர்ன் ஷ்ரோடர் இந்தத் துப்பாக்கிக்காக வருஷாவருஷம் கெஞ்சுகிறவர். ஆர்டிஸ் எழுதிய விலையைப் பார்த்ததும் அவர் கண்ணில் ஆசை மின்னியது. எச்சிலை விழுங்கிக்கொண்டார். கட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, "விரிசல் மாதிரி தெரியுதே ஆர்டிஸ்" என்றார். இப்படியொரு தியாகத்தை வெர்னிடம் நான் எதிர்பார்க்கவில்லை.

அடுத்த மேசை லோயல். தோட்டாப் பெட்டிகள் விற்கிறவர். ஆர்டிஸ் வருவதைப் பார்த்ததும் மேசையின் ஒரு மூலையில் அவசரமாகப் போர்வையை இழுத்து மூடினார். இந்தத் துப்பாக்கிக்கான தோட்டாவை இப்போதெல்லாம் யார் செய்கிறார்கள், தேடி அலைந்தாலும் கிடைக்காதே என்று உச்சுக்கொட்டினார். இன்னொருவர் எடை அதிகம் என்றார். அவருக்கு அடுத்தவர் எடை போதாது என்றார். ஆர்டிஸின் முகம் வாடத் தொடங்கியது. டெல்மருக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு மேசையைத் தாண்டும்போதும் அவர் காது இன்னும் கொஞ்சம் சிவந்துகொண்டு வந்தது.

கெடுத்தவன் ஏலம் போடுகிற கேலன். அவன் வாய்க்கு அளவு தெரியாது. என் ஜன்னலருகே அவர்களைப் பிடித்துக்கொண்டு, ஊருக்கே கேட்கிற குரலில் ஆரம்பித்தான்.

"இது நேராச் சுட்டதாச் சரித்திரமே இல்ல ஆர்டிஸ். அந்த மானை இவன் சுடவே இல்ல. ரோடு போடற வண்டியில இடிச்சிருப்பான்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். டெல்மர் சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார்.

"சின்ன மான்தான்" என்றார். எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். "ரெண்டே கிளை. ஏழுன்னு சொன்னது சும்மா. ஆனா ஒரே தோட்டா, கேலன். முழங்கால் அளவு பனி. கை வெரச்சுப் போயிருந்துச்சு, இது வெரைக்கல. வண்டியில நாள் பூராத் தனியா ஓட்டினப்ப பக்கத்து சீட்டுல இதுதான் இருந்துச்சு. ஒரு நாள்கூட என்னைக் கைவிட்டதில்ல. நான் பேசினதெல்லாம் கேட்டது இது ஒண்ணுதான்."

"நீ பேசினாத்தானே நான் கேக்கறதுக்கு" என்றாள் ஆர்டிஸ். ஆனால் மெதுவாகத்தான் சொன்னாள்.

டெல்மர் அதைக் காதில் வாங்கவில்லை. மடை திறந்துவிட்டது. கட்டையின் மரம், குழலின் நேர்த்தி, லிவர் அசைகிற வழவழப்பு, அந்தப் பட்டாணி ஜன்னல் என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார். கூட்டம் சேர்ந்துவிட்டது. என் சில்லி ஆறியது, வாங்க ஆளில்லை. நானும் கவலைப்படவில்லை. அவ்வளவு அழகாகப் பேசினார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு பெண் முன்னால் வந்தாள். வடக்கே மணல்மேட்டுப் பக்கத்துப் பண்ணைக்காரி. பழுப்புக் கோட்டு, பூட்ஸில் காயாத சேறு. எங்கள் ஆட்களில் ஒருத்தி இல்லை என்பதால் யாரும் அவளுக்கு ஜாடை காட்டியிருக்கவில்லை. கையில் எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டாள். சூட்டோடு சூடாக டெல்மர் தூக்கிக் கொடுத்துவிட்டார். லிவரை அசைக்க முடியாதபடி வாசலில் பிளாஸ்டிக் பட்டை மாட்டியிருந்தார்கள். அவள் அதைத் தொடாமல் குழலைக் கூரைப் பக்கம் காட்டி, கட்டையைத் தோளில் பதித்துக் கன்னத்தைச் சாய்த்தாள். குச்சியும் கொடியும் மேலே ஆடின.

டெல்மர் இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தார். "உனக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும்மா" என்றார்.

வெர்ன் கண்ணை மூடிக்கொண்டார்.

"இதுல ரெண்டு வெல இருக்கே" என்றாள் அந்தப் பெண்.

"கீழ இருக்கறதுதான்" என்றாள் ஆர்டிஸ்.

"சரி. எடுத்துக்கறேன்."

 டெல்மர் அவள் தோளிலிருந்த துப்பாக்கியையே பார்த்தார். பாவி மனுஷா, உன் வாயே உனக்கு எமனாச்சே என்று மனசுக்குள் திட்டிக்கொண்டேன். ஆர்டிஸ் ஜெயித்துவிட்டாள். ஆனால் அவள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கிட்டே போய்த் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"வேண்டாம்னா இப்பவே சொல்லிடு டெல்மர். நான் எழுதினதுதானே அது. நீ எழுதலியே."

டெல்மர் தலையை ஆட்டினார். "கொடியில எழுதியாச்சு."

அந்தப் பெண் அடையாளத்துக்கு ஓட்டுநர் உரிமத்தைக் காட்டினாள், பணம் கை மாறியது. டெல்மர் குழலிலிருந்து குச்சியை மெதுவாக உருவினார். குளிர் தொடங்குமுன் கட்டைக்கு எண்ணெய் போடச் சொன்னார், வெட்டு இருக்கிற இடத்தில் மட்டும் இரண்டு தடவை. தோட்டா கிடைக்காதென்று யாரோ சொன்னார்களே என்று அவள் கேட்டாள். லோயல் யார் முகத்தையும் பார்க்காமல் தன் மேசைக்குப் போய்ப் போர்வையை விலக்கினார். கீழே டப்பா டப்பாவாக அடுக்கியிருந்தது.

துப்பாக்கி வாசல் வழியாகப் போனது. டெல்மர் குச்சியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். சுற்றி நின்றவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் மேசைக்கு நழுவினார்கள்.  ஆர்டிஸ் என் ஜன்னலுக்கு வந்து ஒரு சுருள் வாங்கினாள். வெளிச்சுற்றை மட்டும் பிய்த்துத் தின்றாள். நடுவில்தான் சர்க்கரைப்பாகு ஊறியிருக்கும், அதற்கு அவள் போகவே இல்லை.

"அலமாரி கெடச்சிருச்சு ரோவீனா" என்றாள். அதில் சந்தோஷம் ஒன்றும் தெரியவில்லை.

டெல்மர் வண்டிக்குப் போய் உட்கார்ந்துகொள்வார் என்று நினைத்தேன். போகவில்லை. முதல் வரிசையின் தொடக்கத்துக்குப் போனார். குச்சியை வலது தோளில் சாய்த்துக்கொண்டார். நடக்க ஆரம்பித்தார். வெறும் குச்சி, அதன் நுனியில் அட்டைக் கொடி. உள்ளூர்க்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். இரண்டாவது வரிசையில் வெளியூர்க்காரர் ஒருவர் கொடியைப் படித்துவிட்டு அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"வெல இருக்கு, சரக்கு எங்கங்க?"

டெல்மர் நின்றார். தோளிலிருந்த வெறும் குச்சியைத் திரும்பிப் பார்த்தார். கேட்டவர் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டார்.

ஆர்டிஸ் சுருளை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினாள். விரலில் ஒட்டிய சர்க்கரையைக் கோட்டில் துடைத்துக்கொண்டே நேராக அவரிடம் போனாள். போதும், கிளம்பு என்று இழுத்துக்கொண்டு போகப் போகிறாள் என்றுதான் நான் நினைத்தேன். அவள் குச்சியைப் பிடுங்கினாள். கைப்பையைத் திறந்து பேனாவை எடுத்தாள். தான் எழுதிய விலையை அடித்தாள். அட்டையைத் திருப்பி, வெறுமையாக இருந்த பின்பக்கத்தில் டெல்மரின் பழைய விலையை, அந்தப் போன் நம்பரை, ஒரு எண் விடாமல் பெரிதாக எழுதினாள். குச்சியை அவர் தோளில் திரும்ப வைத்தாள். எதிரே யாரோ வருவதைப் பார்த்து, கொடி அந்த ஆளின் மூக்குக்கு நேரே வரும்படி அவர் தோளை லேசாகச் சாய்த்துவிட்டாள்.