வரி போட்ட சீசா

அந்தப் பெண்ணின் சாவுக்கு அந்தோணியம்மாள் காரணமல்ல. நான்தான்! பதினோரு வருஷமாக மறைத்ததை இன்று உங்களிடம் சொல்கிறேன்.

பெங்களூர் தண்டு என்கிற கன்டோன்மென்ட் பகுதியில் ஒரு சிறிய ஆஸ்பத்திரி. நான் கம்பவுண்டர். அந்தோணியம்மாள் பெண்கள் வார்டு ஆயா. நீலசந்திராவிலிருந்து நடந்தே வருவாள். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. குடிக்கிற மருந்து வழவழப்பான சீசாவில். மேலுக்குப் பூசுகிற விஷ மருந்து வரி போட்ட சீசாவில். விரலால் தடவினாலே தெரிந்துவிடும். கண்ணைக் கட்டிவிட்டாலும் அவள் தவறமாட்டாள்.

தவறியவன் நான். அன்று காலை வரி சீசாக்கள் கழுவாமல் கிடந்தன. வெளியே நீண்ட வரிசை. ஒருநாள்தானே என்று, ஒரு கிழவியின் மூட்டுவலிக்கான தைலத்தை வழவழப்பான சீசாவில் ஊற்றி வார்டுக்கு அனுப்பினேன். சோம்பலா, அவசரமா? எந்தப் பெயர் வைத்தால் என்ன...

அவள் தன் விரலை நம்பினாள். பக்கத்துப் படுக்கையில் பிள்ளை பெற்று மூன்று நாளான பெண்ணுக்கு, அவளுக்கு வந்த மருந்து என்று எண்ணி, அதைக் குடிக்கக் கொடுத்தாள். மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அதோடு விட்டேனா? வார்டு அமளியில் யாரும் கவனிக்காதபோது மிச்சத் தைலத்தை ஒரு வரி சீசாவுக்கு மாற்றி, அதே இடத்தில் வைத்தேன்.

விசாரணையில் அந்தச் சீசாவை அவளிடம் கொடுத்தார்கள். தடவிப் பார்த்தாள். வரி இருந்தது. வெகுநேரம் தடவிக்கொண்டே நின்றாள். பிறகு தன் கைதான் தப்பு செய்தது என்று தானே ஒப்புக்கொண்டாள். வேலை போயிற்று.

இனி இப்படி நேராதிருக்க வழி கேட்டார் டாக்டர். எழுத்துத் தெரிந்த இருவர் சீசாவில் ஒட்டிய சீட்டை வாய்விட்டுப் படித்த பிறகே மருந்து கொடுக்க வேண்டும் என்று நான் ஒரு விதி எழுதினேன். நல்ல விதிதான். அதன்பின் வார்டில் மருந்து மாறியதே இல்லை. என்னைத் தலைமைக் கம்பவுண்டர் ஆக்கினார்கள். புதிய நர்சுகளுக்குப் பாடம் நடத்துவதும் நானே. ஓர் ஆயாவின் கவனக்குறைவால்... என்று தொடங்குவேன்!

உண்மையைச் சொன்னால், பொய்யன் எழுதிய விதியை யார் மதிப்பார்கள்? இது நியாயமா, சாக்கா? எனக்கே தெரியவில்லை. திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறேன்.

திங்கட்கிழமைதோறும் அந்தோணியம்மாள் இருமல் மருந்துக்கு வருகிறாள். வேறு யாரிடமும் வாங்கமாட்டாள். நான் ஊற்றிக் கொடுத்த சீசாவை ஜன்னல் வழியே மறுபடி என்னிடமே நீட்டுகிறாள்.

"இது குடிக்கிறதுதானுங்களே ஐயா? நீங்களே ஒரு வாட்டி பாத்துச் சொல்லிடுங்க. என் கைய நான் நம்பறதில்ல."

குடிக்கிறதுதான் என்கிறேன். கும்பிட்டுவிட்டுப் போகிறாள்.

நாளை திங்கட்கிழமை.