சங்கரலிங்கம் சாரும் டிராக்பாலும்

ஞாயிற்றுக்கிழமை காலை பக்கத்து வீட்டு பஞ்சாபி அம்மாள் "பெஹன்ஜி, ஃபோன்!" என்று கூப்பிட்டார். எங்கள் முன்னாள் பிரிவு அதிகாரி சங்கரலிங்கம் அவர்கள் காலமாகிவிட்டதாக அவருடைய மகன் சொன்னார். மூன்றாம் நாள் மறுபடி ஃபோன். டில்லித் தமிழ்ச் சங்க மலருக்கு அஞ்சலி நான்தான் எழுத வேண்டுமாம். "அப்பாகிட்ட ரொம்ப நாள் வேலை பார்த்தது நீங்கதான் அக்கா. நல்லதா எழுதுங்க." எனக்குப் பூசி மெழுகத் தெரியாது.

சாரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்களுடையது வரைபடங்களைக் கணினியில் ஏற்றும் அரசு அலுவலகம். எண்பதுகளின் தொடக்கத்தில் அங்கே ஒரு டிராக்பால் வந்தது. மேசையில் பதித்த பெட்டி, அதில் பாதி வெளியே தெரியும் கனத்த உருண்டை. உள்ளங்கையால் உருட்டினால் திரையில் குறி நகரும். அதைக் கழற்றிச் சுத்தம் செய்ய சார் யாரையும் விடமாட்டார். சனிக்கிழமைதோறும் கதவைச் சாத்திக்கொண்டு தாமே செய்வார். சார் லீவே போடாதவர் என்கிறார்கள். உண்மைதான். எங்களையும் போட விட்டதில்லை.

நான் அப்போது வேலை நிரந்தரமாகாமல் புரொபேஷனில் இருந்தேன். அந்தக் குளிர்காலத்தில் உருண்டை அடிக்கடி சிக்கிக்கொண்டது. வரைபடத்தில் யமுனைக் கரையில் நிறுத்தப் பார்த்தால் குறி ரயில் பாதையில் போய் நிற்கும். டில்லிக் குளிரில் கை வெடிக்காதவர் யார்? நானும் கைக்கு வாஸ்லின் தடவுவேன். கழுவிவிட்டுத்தான் வேலைக்கு உட்காருவேன். சார் எல்லார் முன்னாலும் என் கையை நீட்டச் சொன்னார்.

"என்னத்தம்மா தேய்ச்சிட்டு வாரே? உள்ளயெல்லாம் ஒரே பிசுக்கு!"

"கழுவிட்டுத்தான் சார் தொடறேன்."

"எதுத்துப் பேசாதே. ஜல்தி போய் வேலையப் பாரு."

என்னுடைய கவனக்குறைவால் கருவி பழுதடைகிறது என்று அன்றே என் கோப்பில் எழுதிவிட்டார். புரொபேஷன் ஒரு வருடம் நீண்டது. எனக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் எனக்கு மேலே போனார்கள்.

மே மாதம் ஒரு சனிக்கிழமை, கையெழுத்து வாங்க அவசரமாகக் கதவைத் தள்ளினேன். சார் பெட்டியைத் திறந்துவைத்து, உருண்டை உட்காரும் சின்ன உருளைகளுக்குத் தையல் மெஷின் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். சொட்டுச் சொட்டாக, பக்தியோடு. சுற்றுகிற எதற்கும் எண்ணெய் வேண்டும் என்பது அவர் நம்பிக்கை. ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்துக் காயவிட வேண்டிய உருளைகள் அவை. எண்ணெயில் டில்லிப் புழுதி அப்பிக்கொண்டால் உருண்டை எப்படி நகரும்?

பழுது பார்க்க வந்த சர்தார்ஜியும் பெட்டிக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, எண்ணெய் யார் விட்டது என்று கேட்டார். சார் ஜன்னலைப் பார்த்தார். அதன் பிறகு எண்ணெய் நின்றது, உருண்டையும் ஒழுங்காக ஓடியது. கோப்பில் எழுதியதை மட்டும் அவர் மாற்றவில்லை. மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் "பாக்கலாம்" என்றார்.

ஓய்வு பெற்ற அன்று, மாலையும் கழுத்துமாக என்னைத் தனியே அழைத்தார்.

"தப்பு உன் கையில இல்லம்மா. எனக்கு அப்பவே தெரியும்."

"அத எழுதிக் குடுங்க சார்."

"ரிட்டயர் ஆகுத அன்னிக்கு, நான் தப்பு பண்ணேன்னு எழுதச் சொல்லுதியா?"

மாலையைச் சரிசெய்துகொண்டு போட்டோவுக்குப் போய் நின்றார்.  

இறந்த அன்று ஆர்.கே.புரம் வீட்டுக்குப் போனேன். நெற்றி நிறையத் திருநீறு. கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். மகன் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"அப்பா உங்களப் பத்தி அடிக்கடி சொல்வாங்க அக்கா."

"என்ன சொல்வார்?"

"மெஷினக் கெடுத்த பொண்ணுன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க."

போய் வாருங்கள் சார். எண்ணெய் விட்டது நீங்கள்தான்.