குடங்கள் வரிசையில் நின்ற சனிக்கிழமை

யுவராணி அக்காவின் மேஜைக்குப் பக்கத்து மேஜை என்னுடையது. மூன்று வருடமாக அவருடைய பழங்கதைகளை இலவசமாகக் கேட்டு வருகிறேன். சில நாள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பார்த்திருக்கிறேன். அதற்கெல்லாம் அவர் அசர மாட்டார்.

எங்கள் அலுவலகம் அம்பத்தூர் எஸ்டேட்டில், ஒரு லேத் பட்டறைக்கு மேல்மாடியில் இருக்கிறது. வேலையைச் சொன்னால் என் வீட்டிலேயே யாரும் நம்புவதில்லை. ஜனங்கள் ஒரு நாளை எப்படிக் கழித்தார்கள் என்று பல நாடுகளில், பல காலங்களில் வீடு வீடாகக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். தூங்கியது, சமைத்தது, வேலைக்குப் போனது, அரட்டை அடித்தது எல்லாம் அதில் இருக்கும். ஒரு நாட்டில் நாயை உலாத்தக் கூட்டிப்போவதற்குத் தனிப் பிரிவு உண்டு. இன்னொரு நாட்டில் வரட்டி தட்டுவதற்கு உண்டு. எல்லாவற்றையும் ஒரே மாதிரியான பிரிவுகளுக்குள் கொண்டுவந்தால்தான் ஒப்பிட முடியும். அந்த வேலைதான் எங்களுக்கு. நாங்கள் எவ்வளவு நேரம் மவுஸைத் தொடாமல் இருந்தோம் என்பதையும் எங்கள் கம்ப்யூட்டர் குறித்து வைத்துக்கொள்ளும். அதை எந்த நாட்டோடு ஒப்பிடப் போகிறார்களோ.

போன மாதம், தொண்ணூறுகளின் கடைசியில் எடுத்த ஒரு கணக்கெடுப்பு வந்து சேர்ந்தது. அதில் திருமுல்லைவாயில் தெரு ஒன்று இருந்தது. அதைப் பார்த்ததும் அக்கா எழுந்தே நின்றுவிட்டார். அவர் பிறந்து வளர்ந்த தெரு அது. படிப்பு முடிந்த கையோடு, அந்தத் தெருவில் வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதியவரும் அவரேதான்.

"என் கையெழுத்துடி சபீனா!" என்று திரையைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். கண் கலங்கிவிட்டது.

அப்புறம் என்ன, இரண்டு நாள் எனக்கு அந்தத் தெருவிலேயே குடித்தனம். தண்ணீர் லாரி எப்போது வருமென்று யாருக்கும் தெரியாதாம். அதனால் காலையிலேயே குடங்களை வரிசையில் வைத்துவிட்டு, பெண்கள் வீட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்களாம். ஆள் நிற்க வேண்டியதில்லை. குடம் நின்றால் ஆள் நிற்பதாக அர்த்தம். வரிசை நகர்ந்தால், பக்கத்தில் இருப்பவள் உங்கள் குடத்தையும் சேர்த்து நகர்த்தி வைக்க வேண்டும். எவ்வளவு ஜென்மப் பகை இருந்தாலும் அதை மட்டும் செய்துவிட வேண்டுமாம். "வேம்புலியக்காவோட பச்சைக் குடம்தான் எப்பவும் மொத. அந்தத் தெரு மாதிரி ஒண்ணு இனிமே வராதுடி" என்றார் அக்கா. இப்போது அங்கே வரிசையாக அடுக்குமாடிகள். எல்லா வீட்டிலும் குழாய் இருக்கிறது.

சிக்கல் அந்தக் குடத்தில்தான் வந்தது. குடம் வரிசையில் நின்ற மத்தியான நேரத்தைத் தண்ணீருக்குக் காத்திருந்ததாகவும் எழுதியிருந்தது, சமைத்ததாகவும் எழுதியிருந்தது. பழைய முறையில் அப்படி எழுதலாம். பொதுப் பிரிவில் ஒரு நேரத்துக்கு ஒரு வேலைதான். இரண்டையும் கூட்டினால் அந்தத் தெருப் பெண்களின் ஒரு நாள், நாளைவிட நீளமாகிவிட்டது. அப்படிப்பட்ட பக்கங்களைத் தள்ளிவிட வேண்டும் என்பது விதி.

"சாயங்காலத்துக்குள்ள ரெண்டுல ஒண்ணு முடிவு பண்ணுங்க மேடம். இல்லன்னா அந்தத் தெருவையே எடுத்துடலாம்" என்றார் எங்கள் மேலாளர் ஜெகதீசன். நல்ல மனிதர்தான். ஆனால் அக்காவின் முகம் செத்துப்போயிற்று. அவர் வளர்ந்த தெரு, கணக்கிலிருந்தே காணாமல் போகப் போகிறது.

நானும் பக்கங்களைப் புரட்டினேன். எல்லாம் ஒரே சனிக்கிழமை. எல்லார் வீட்டிலும் மத்தியானம் முழுக்கச் சமையல்.

"ஏங்க்கா, உங்க தெருவுல அன்னிக்குக் கல்யாணமா? எல்லாரும் இவ்ளோ நேரம் இன்னாத்த ஆக்குனாங்க?" என்றேன் விளையாட்டாக.

அக்கா என்னை முறைத்துவிட்டு போனை எடுத்தார். அந்தப் பச்சைக் குடத்து வேம்புலியம்மாள் இப்போது திருவேற்காட்டில் மகளோடு இருக்கிறார். ஸ்பீக்கரில் போட்டதால் நானும் கேட்டேன்.

"அக்கா, அந்தக் காலத்துல கொடத்த லைன்ல வச்சிட்டு ஊட்டுக்குப் போயி சமைப்பீங்கல்ல?"

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு.

"இன்னாடி சமையலு? கொடத்த வச்சிட்டு ஆவடிக்கு ரயிலேறிடுவோம், மேட்னி ஷோவுக்கு! சனிக்கெழம ஆனா சினிமாதான். பக்கத்தூட்டு அஞ்சலையும் நானும் மாத்தி மாத்திக் கொடத்துக்குக் காவல். மீதிப் பேருக்கு ஜாலி."

"சமைச்சேன்னுதான எங்கிட்ட சொன்னீங்க?"

"நீ ஞாயித்துக்கெழம வந்து கேக்கசொல்ல, எங்கூட்டுக்காரரு பக்கத்துலயே குந்திகினு கீறாரு. சினிமான்னு சொன்னா தோலை உரிச்சிட மாட்டாரு? தெருவே அதான் சொல்லிச்சி."

அக்கா சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"என்னை ஏன்க்கா ஒரு தபா கூடக் கூப்டல?"

"நீ பேப்பரும் பேனாவுமா சுத்திகினு இருந்த. எல்லாத்தயும் எழுதற பொண்ணாச்சே, பயந்தோம்" என்றார் வேம்புலியம்மாள்.

எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. இத்தனை வருடமாக என் தெரு என் தெரு என்று சொன்னவர், அந்தத் தெருவின் நல்ல பொழுதில் தான் மட்டும் இல்லை என்று இன்றைக்குத்தான் தெரிந்துகொள்கிறார்.

அக்கா ஜெகதீசன் சாரிடம் போய்ச் சொன்னார். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு, "இப்ப நீங்க போன்ல கேட்டத எழுத முடியாது மேடம். அன்னிக்கு எழுதினதுதான் கணக்கு" என்றார். அது நியாயம்தான். அக்காவும் ஒத்துக்கொண்டார்.

திரும்பி வந்து உட்கார்ந்து, சமையலை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, தண்ணீருக்குக் காத்திருந்தது என்பதை மட்டும் வைத்தார். "கொடமாவது நின்னுச்சே. இதுல அந்த அளவுக்கு உண்மை கீது" என்றார். தெரு தப்பித்தது. கடைசிப் பத்தியில் பொழுதுபோக்கு என்ற இடத்தில் வீட்டுக்கு வீடு பூஜ்யம். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஊரு உலகம் பூரா இதப் பாக்கும் சபீனா. எங்க தெருவுல ஒருத்திகூட சிரிக்கலன்னு நெனச்சிக்கும்" என்றார். கொஞ்சம் கழித்து, "நான் சிரிக்கலதான். என் பூஜ்யம் மட்டும் சரி" என்றார்.

அடுத்த சனிக்கிழமை. எங்களுக்கு சனிக்கிழமையும் வேலை நாள்தான். சாப்பாட்டு நேரம் முடிந்து வந்து பார்த்தால், அக்காவின் நாற்காலியில் அவருடைய கைப்பை உட்கார்ந்திருந்தது. நாற்காலி முதுகில் அவருடைய கனமான சால்வை, ஏசி குளிருக்கென்று வைத்திருப்பது. மேஜையில் மூக்குக்கண்ணாடிக் கூடும் சாப்பாட்டு டப்பாவும். ஆளைக் காணோம். என் போனில் ஒரு போட்டோ வந்தது. டிக்கெட் வாங்குகிற இடத்தில் வேம்புலியம்மாள் பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி நிற்கிறார். பக்கத்தில் அக்கா, திருட்டு முழியோடு.

"யுவராணி மேடம் எங்க?" என்று கேட்டுக்கொண்டே வந்தார் ஜெகதீசன் சார்.

"இங்கதான் சார் எங்கயாவது இருப்பாங்க. பை இருக்குதே" என்றேன்.

அவர் பையைப் பார்த்தார், சரி என்று போய்விட்டார். அக்காவின் திரை மங்கத் தொடங்கியது. நான் எட்டி, அவருடைய மவுஸைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தேன். படம் விடுகிற வரைக்கும் நகர்த்திக்கொண்டே இருந்தேன்.