வேளாங்கண்ணி போய்ச் சேராத ஆறு விரல் பூனை

பூனைக்குப் பருவம் வந்துவிட்டால் நல்ல நாள் பார்த்துக் கிளம்ப முடியாது. நாலைந்து நாள் கத்தும், உருளும், சாப்பிடாது. அதற்குள் ஆண் பூனையிடம் சேர்த்துவிட வேண்டும். தை மாதக் கடைசியில், நல்ல அறுவடை நேரத்தில், மன்னார்குடியிலிருந்து வேளாங்கண்ணிக்கு நான் அவசரமாகக் கிளம்பியது அதனால்தான். பூனையோடு பயணம் போக நினைப்பவர்கள் முழுவதையும் படியுங்கள். நான் செய்த தப்பை நீங்களாவது செய்யாமல் இருக்கலாம்.

வீட்டில் பெரிய உடம்பும் அடர்ந்த முடியும் கொண்ட மெயின் கூன் இனப் பூனைகளை வளர்த்துக் குட்டி எடுக்கிறேன். சிட்டு, வம்சாவளிச் சான்றிதழோடு வந்த என் முதல் பெண் பூனை. வயது ஒன்றரை. முன்கால் ஒவ்வொன்றிலும் ஆறு விரல். உட்கார்ந்தால் கையுறை போட்டுக்கொண்ட மாதிரி இருக்கும். அவளுக்குப் பொருத்தமான ஆண், வேளாங்கண்ணியில் ஜெசிந்தா அக்கா வீட்டில் இருந்தது. அக்கா நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். இடம் மாறினால் ஆண் பூனை மிரண்டு மூலையில் உட்கார்ந்துவிடும் என்பதால், பூனை வளர்க்கும் எங்கள் வட்டத்தில் பெண்தான் ஆணைத் தேடிப் போக வேண்டும். போன முறை சிட்டுவுக்குக் காய்ச்சல் வந்து கெட்டுப்போனது. இந்த முறையும் தவறினால் ஆவணிக்குத்தான் அக்கா நேரம் தருவார். சிட்டு பிறப்பதற்கு முன்பிருந்தே, மூன்று வருடமாக நான் காத்திருந்த குட்டிகள்.

காலை 6.30க்குக் கிளம்பினோம். வேளாங்கண்ணி சுமார் 65 கிலோமீட்டர். ஏசி காருக்குப் போக வர, காத்திருப்பும் சேர்த்து 2,800 ரூபாய். ஓட்டியவர் செல்வராஜ் அண்ணன்.

"என்னம்மா இது, மாப்பிள்ள வூட்டத் தேடிப் பொண்ணே கெளம்பிப் போவுது?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெட்டிக்குள் சிட்டு வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். பூனைக்கு அப்படி இரைத்தால் ஆபத்து. ஏசியைக் கூட்டச் சொன்னேன், குறைக்கச் சொன்னேன், மறுபடி கூட்டச் சொன்னேன்.

7.20க்குத் திருவாரூர். அங்கே ஐந்து நிமிடம் நின்று டீ குடித்தோம். அதைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் லாரிகள் வரிசையாக நின்றதால், கீழ்வேளூருக்கு முன்னால் அண்ணன் ஒரு கிராமத்து ரோட்டில் திருப்பினார். இரண்டு கிலோமீட்டர் போனதும் ரோட்டின் பாதி அகலத்துக்கு நெல் காயப்போட்டிருந்தார்கள். ஓரத்தில் வரிசையாகக் கல். எதிரே ஒரு டிராக்டர். கல்லை நகர்த்தச் சொல்லலாம் என்று அண்ணன் கதவைத் திறந்துகொண்டு இறங்கினார்.

அதே நேரம்தான் நான் பெட்டியைத் திறந்தேன். ஈரத் துணியால் சிட்டுவின் காதைத் துடைத்துவிடலாம் என்று நினைத்தேன். பூட்டிய அறைக்கு வெளியே பெட்டியைத் திறக்கக் கூடாது என்று பத்துப் பேருக்குப் பாடம் நடத்தியவள் நான். டிராக்டர் ஹாரன் அடித்தது. சிட்டு என் மடியைக் கீறி, ஓட்டுநர் சீட்டைத் தாண்டி, திறந்த கதவு வழியாக அறுக்காத வயலுக்குள் போய்விட்டாள்.

அந்த வயலின் மறு கோடியில் அறுவடை மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

வரப்பில் ஓடினேன். இரண்டு முறை விழுந்தேன். நெல்லைக் கிளறிக்கொண்டிருந்த வயல்கார அம்மா, பெயர் சரோஜா என்று பிறகு தெரிந்தது, என் கத்தலைக் கேட்டுக் கூடவே ஓடிவந்தார்.

"என்னங்க, கொழந்தையா?"

"பூனைங்க. உள்ள போயிடுச்சு."

பூனையா என்று அவர் முகம் சுளிக்கவில்லை. "தம்பி, நிறுத்து! மிஷின நிறுத்து! உசுரு உள்ள கெடக்கு" என்று முந்தானையை வீசிக் குரல் கொடுத்தார். மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு வந்த மிஷின். அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தைக்கு நின்றது.

மிஷின் நின்றதும் வாய்க்கால் ஓரச் சேற்றில் தடம் தேடினேன். சாதாரணப் பூனை கால் வைத்தால் நாலு விரல்தான் மண்ணில் பதியும். சிட்டுவுக்குப் பக்கவாட்டில் கட்டைவிரல் போல இன்னும் இரண்டு பதியும். அப்படி ஒரு தடம் இருந்தது, வயலை விட்டு விலகிப் போகும் தடம். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். தடம் நெல் கொள்முதல் நிலையத்துப் பக்கம் போனது. அங்கே தார்ப்பாய் மூடிய மூட்டை அடுக்குகள். அவற்றின் பின்னாலிருந்து ஒரு அலறல்.

உயிரோடு இருக்கிறாள் என்று முதலில் சந்தோஷப்பட்டேன். அப்புறம்தான் உறைத்தது. இணை சேர்ந்து முடிந்ததும் பெண் பூனை போடும் அலறல் அது, பூனை வளர்ப்பவர்களுக்குத் தெரியும். மூட்டைக்குப் பின்னால் சிட்டு தரையில் உருண்டுகொண்டிருந்தாள். ஒரு முழம் தள்ளி, காது கிழிந்த வரிப்பூனை ஒன்று தன்னை நக்கிக்கொண்டிருந்தது. அதற்கு விரல்கள் வழக்கம்போலத்தான். மணி 8.50.

சிட்டுவைத் தூக்கிப் பெட்டியில் போட்டுப் பூட்டி, சரோஜாவிடம் போன் நம்பர் வாங்கிக்கொண்டு காரில் ஏறியதும் அண்ணன் மெதுவாகச் சொன்னார்: "இன்னும் இருவத்தஞ்சு கிலோமீட்டர்தாம்மா. போய் விட்ருவோம். யாருக்குத் தெரியப்போவுது?"

யாருக்கும் தெரியாது, அதுதான் பயம். ஒரே ஈற்றில் பிறக்கும் பூனைக்குட்டிகளுக்கு இரண்டு தகப்பன் இருக்கலாம். விரலை எண்ணியும் கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் ஆறு விரல் தாயிடமிருந்தே வரும். தெருப்பூனையிடமிருந்து ஏதாவது நோய் ஒட்டியிருந்தால் அக்கா வீட்டுப் பூனைக்கும் போகும். கால் மணி நேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன். கடைசியில் அக்காவைக் கூப்பிட்டு நடந்ததைச் சொல்லிவிட்டேன்.

"வராதம்மா. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ. மொதல்ல டாக்டர்கிட்ட காட்டு, ரத்தம் எடுத்துப் பாக்கச் சொல்லு. ஆவணில பேசுவோம்" என்றார். கோபமா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

ஆகவே வேளாங்கண்ணியைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றுமில்லை. 11.15க்கு மன்னார்குடி திரும்பிவிட்டோம்.

இனி உங்களுக்கு. பெட்டிக்கு இரண்டு பூட்டு போடுங்கள், வழியில் திறக்காதீர்கள். கழுத்துப் பட்டையில் போன் நம்பர் எழுதுங்கள். அறுவடைக் காலத்தில் பெரிய ரோட்டை விட்டு இறங்காதீர்கள், நெரிசல் இருந்தாலும் சரி. ஆறு விரல் பூனையாக இருந்தால், கிளம்புவதற்கு முந்தின நாள் அந்தக் கூடுதல் நகங்களை வெட்டிவிடுங்கள். அவை தேயாமல் வளைந்து சதையில் குத்தும். என் மடியில் இன்னும் தழும்பு இருக்கிறது.

சிட்டுவின் ரத்தப் பரிசோதனையில் குறை ஒன்றும் இல்லை. ஒன்பது வாரம் கழித்து ஐந்து குட்டிகள் போட்டாள். மூன்றுக்கு ஆறு விரல், இரண்டுக்கு இல்லை. ஒன்றுக்கும் சான்றிதழ் கிடையாது. தகவல் சொல்ல சரோஜா அக்காவுக்குப் போன் செய்தேன்.

"எனக்கு ஒண்ணு குடுங்க, மூட்டையெல்லாம் எலி கடிக்குது" என்றார்.

"ஆறு விரல் வேணுமா, சாதா வேணுமாக்கா?"

"வெரல எதுக்குங்க எண்ணணும்? தாயி பாலு மறந்ததும் ஏதாச்சும் ஒண்ணக் கொண்டாங்க."

குட்டிகளுக்கு இன்று பதினெட்டு நாள். மூன்று மாதம் முடிந்ததும் ஒன்றைப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டு அதே ரோட்டில் போக வேண்டும். இப்போதே பயமாக இருக்கிறது.