ஒன்பதாவது முடிச்சு

ஊர்த் தண்ணீருக்குக் காவல் இருக்கும் உத்தியோகத்தில் ஒரே ஒரு வசதி உண்டு: கீழே எவ்வளவு மிச்சம் என்ற கவலையை நாற்பது வீட்டுக்காரர்களும் ஒருவன் தலையில் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். குழாயைத் திறந்ததும் 'புஸ்' என்று காற்று மட்டும் வந்து முகத்தில் அடித்த அனுபவமுள்ள உங்களுக்கு இதற்குமேல் விளக்கத் தேவையில்லை.

கயிறு

பலாபத்வலைக்கு மேலே ஒரு சரிவில் நாற்பது வீடு, ஒரே குழாய்க் கிணறு. மோட்டர் போடுவது, வால்வு திறப்பது, மட்டம் பார்ப்பது எல்லாம் தண்ணீர்ச் சங்கம் எழுபத்திரண்டு வயதில் எனக்குக் கொடுத்த பதவி. மட்டம் பார்க்க ஒரு நைலோன் கயிறு, நுனியில் இரும்பு நட்டு, இரண்டு பாகத்துக்கு, அதாவது விரித்த கை நீளம் இரண்டுக்கு, ஒன்றாக மேலிருந்து ஒன்பது முடிச்சு. முழுக் கயிற்றையும் இறக்கி எடுத்தால் எந்த முடிச்சிலிருந்து நனைந்திருக்கிறதோ அதுதான் மட்டம். அந்த எண்ணை மேட்டிலிருக்கும் தொட்டிச் சுவரில் சோக்கால் எழுதுவேன்.

மழைக்காலத்தில் மூன்று. ஒன்பதில் மோட்டர் தொங்குகிறது. அதற்கும் கீழே தண்ணீர் இறங்கினால் மோட்டர் கருகும், நாற்பது வீடும் தண்ணீர் ஏற்றிவரும் பவுசர் வருமா என்று ரோட்டைப் பார்த்து நிற்க வேண்டியதுதான். ஒரு வறட்சியில் கிணற்றுத் தவளை இந்தக் கயிற்றைப் பிடித்து ஏறிவந்து, நாலந்தாவுக்கு பஸ் எத்தனை மணிக்கு என்று என்னிடம் கேட்டது. நம்பாதவர்கள் தவளையிடமே கேட்டுக்கொள்ளலாம். ஆனால் இந்த வருஷம் ஆடி பிறந்தபோதே ஆறாவது முடிச்சு. ஐப்பசி மழைக்கு இன்னும் மூன்று மாதம். நான் சுவரில் 'ஆறு' என்று எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார் சரிவின் அடியில் சில்லறைக் கடை வைத்திருக்கும் பளீல் நானா.

"அண்ணே, ஒம்பதுல மோட்டர் கருகும்னா நீங்க எட்டுலயே கருகிருவீங்க போல ஈக்கே!"

மிளகுக் கொடி

எங்கள் சங்கத்தில் எவ்வளவு இறைத்தாலும் மாதக் கட்டணம் ஒன்றுதான். ஒரு குடம் பிடித்தவருக்கும் அதே, வாழைத் தோட்டத்தையே குளிப்பாட்டியவருக்கும் அதே. தொட்டிக்குப் பக்கத்திலேயே, அதே மேட்டில் இருக்கும் சரோஜா இடியப்பம் அவித்துக் கடைகளுக்குப் போடுகிறவள். கீழ்வீடுகளில் குழாய் திறந்தால் தண்ணீரெல்லாம் சரிவில் இறங்கிவிடும், அவள் குழாயில் காற்றுதான். விடியுமுன் எழுந்து மாவு பிசைய வேண்டியவள், குழாய்க்கு முன்னால் குடத்தோடு உட்கார்ந்திருப்பாள்.

நானா ஹோஸ் பிடித்து மிளகுக் கொடிக்கு நீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். நிறுத்தச் சொன்னேன். கோபிக்கவில்லை. ஹோஸை அடுத்த கொடிக்கு மாற்றிவிட்டுச் சொன்னார்:

"நான் நிப்பாட்டினா தண்ணி மிஞ்சவா போகுது? பக்கத்து வீட்டு வாழைதான் கொழுக்கும்!"

அவர் சொன்னது நியாயம் என்பதுதான் பயமாக இருந்தது. நாற்பது வீட்டிலும் அதே நியாயம்.

நான் எழுதிய எட்டு

அடுத்த வெள்ளிக்கிழமையும் கயிறு ஆறையே காட்டியது. நான் சுவரில் எட்டு என்று எழுதினேன். பயந்து சிக்கனமாக இருப்பார்கள் என்று கணக்குப் போட்டேன். கூடவே, பாறைக்குள் தண்ணீர் பெருமூச்சு விட்டதைக் காதால் கேட்டேன் என்றும் கடையடியில் சேர்த்துவிட்டேன்.

ஊர் பயந்தது. பயந்த ஊர் என்ன செய்யும்? தகரப் பரல் நிறைந்தது, குடம் நிறைந்தது, பிள்ளை குளிப்பாட்டும் பேசின் நிறைந்தது. நானா கலியாணத்துக்குச் சோறாக்கும் தேக்சாவையே இரவல் வாங்கி வந்து நிரப்பினார். தொட்டி மூன்று தடவை காலியானது, மூன்று தடவையும் மோட்டர் போட்டேன். வாளியோடு வால்வடியில் நின்ற கூட்டத்திடம் "அது பொய்" என்று சொல்ல வாய் வரவில்லை. நாலாம் நாள் கயிற்றை இறக்கினேன். நிஜமாகவே எட்டு.

அன்று சரோஜாவின் அடுப்பு எரியவில்லை. இடியப்பத் தட்டுகள் காய்ந்து கிடந்தன. அவள் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"நீங்க எட்டுன்னு எழுதினதும் எல்லாரும் புடிச்சு வச்சிக்கிட்டாங்க மாமா. நான் ஒருத்திதான் சிக்கனமா இருந்தேன்."

கயிறு கைமாறியது

மறுநாள் கிணற்றடியில் சங்கத்தைக் கூட்டி ஒப்புக்கொண்டேன். "அன்னைக்கு ஆறுதான். இன்னைக்கு நெசமாவே எட்டரை." ஒருவர்கூட நம்பவில்லை. அந்த எட்டு பொய்யென்றால் இந்த எட்டரையும் பொய்தானே, பழையபடி இறைக்கலாமே என்று வாழைத்தோட்டக்காரர் எழுந்தே போய்விட்டார். அரை முடிச்சுதான் மிச்சம், அதைச் சொல்லும் வாயோ என் வாய்.

கயிற்றை நானாவிடம் நீட்டினேன். "நீங்களே போட்டுப் பாருங்க." அவர் சிரித்துக்கொண்டே இறக்கினார். இழுத்தெடுத்து, நனைந்த இடத்தை இரண்டு தடவை தடவிப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. எழுந்து போனவரைக் கூப்பிட்டு அவர் கையிலும் கொடுத்தார். அன்றைக்கே முடிவானது: தினமும் ஒரு வீடு கயிறு போடும். முதலில் மேட்டுக்கு வால்வு, பிறகுதான் கீழே. வீட்டுக்கு மீட்டர். குடிக்க, குளிக்க, சமைக்கப் போதுமான அளவுக்குப் பழைய கட்டணம், அதற்கு மேல் இரட்டை. கொடிக்கு ஊற்றுகிறவர் கொடியின் கட்டணத்தையும் கொடுக்கட்டும்.

சாயங்காலம் நானா ஹோஸைச் சுருட்டி வைத்தார். தேக்சாத் தண்ணீரைக் கேன்களில் நிரப்பி, திரீவீலில் ஏற்றி சரோஜா வீட்டுக்கு அனுப்பினார். பிறகு என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டார்:

"இத்தன நாளா இந்தக் கயித்தத் தனியா வச்சிக்கிட்டு எப்படித் தூங்கினீங்க அண்ணே?"

இன்றைய எண்

ஐப்பசி பிறந்துவிட்டது. நக்கிள்ஸ் மலைப் பக்கம் மேகம் வருகிறது, நம்மைப் பார்த்துவிட்டு நகர்கிறது. இன்று கயிறு சரோஜாவின் முறை. அவள் இறக்கி, எடுத்து, ஈரத்தைக் கட்டைவிரலால் குறித்துக்கொண்டு சுவரில் எழுதினாள்.

"எட்டரைதான் மாமா, எறங்கல. நம்பலைன்னா நீங்களே போட்டுப் பாருங்க."

வாழ்நாள் முழுக்க நான் அளந்த கதைகளில் பலித்தது அந்தப் பொய் எட்டு ஒன்றுதான், அதுவும் நாற்பது வீட்டுத் தண்ணீரைக் குடித்துவிட்டுத்தான் பலித்தது.